வானேறிய இராமசந்திர சட்டர்ஜி

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெரிய கோபுரம் 192 அடி உயரமுடையது. அதனை அண்ணாந்து நோக்குங்கால் நமக்குக் கழுத்து நோவதன்றி வேறு துன்பமில்லை. அத்தகைய கோபுரங்கள் இருபதை ஒன்றன்மேலொன்றாக அடுக்கி, அவற்றின் உச்சியில் ஒரு மனிதனைக் கயிற்று வளையமொன்றில் அமர்த்தினால் அவன் நிலை யாதாகும்? ராஜபாளையத்தில் ஒரு திருவிழா இரவில் காகிதப் புகைக்கூண்டொன்று மேலெழுந்து மேற்கு மலைப்புறம் ஒரு பொறியாய் மறைந்ததைக் கண்டு நின்றபோது நமக்கு இவ்வையம் எழுந்தது. அதனைத் தம் உடலாலேயே சோதித்தறிந்த வங்காளத்துப் பெரியார் ஒருவரின் நினைவும் உடன் வந்தது.

அனல்பட்ட காற்று இலேசாகி மேலெழும் என்பது அடுப்பூதும் எவரும் அறிந்ததே. அவ்வுண்மையைக் கொண்டு 1783-ஆம் ஆண்டு பிரான்சு தேசத்து மாந்கோல்பியே சகோதரர் பெரும் பையொன்றை வானிற் செலுத்தினர். அவ்வாண்டு நவம்பர் 21-ஆம் நாள் பிலாத்ர் தெ ரோசியே என்பார் துணைவர் ஒருவருடன் அத்தகைய கூண்டிலேறிப் பாரிஸ் நகரின்மீது பறந்தார். இரண்டாண்டு கழியுமுன்னரே, ஆங்கிலக் கால்வாயைக் கடக்க முயன்று அவரே வீழ்ந்து மாண்டார். இன்பமும் இடரும் இவ்வித்தையில் இரட்டைப் பிள்ளைகளாகவே பிறந்தன. பின்னர் நெருப்பிற்குப் பதிலாக, தெருவிளக்குகளுக்கென நிலக்கரியினின்று வடிக்கும் வாயுவையே பையில் நிரப்பலாயினர். ஆதலின் வாயுக் கம்பெனியின் முற்றமே பலூன் புறப்படும் துறைமுகமாயிற்று.

நம் இராமசந்திர சட்டர்ஜி கல்கத்தா நகரத்தவர், தேகப்பயிற்சியில் தேர்ந்தவர், சர்க்கஸில் ஊஞ்சல் வித்தை காட்டிப் புகழ் பெற்றவர். வங்காளி ஏட்டுக்கல்விக்கே உரியவன், உடல்வலியும் நெஞ்சுரமும் அவனுக்கில்லை என்று ஆங்கிலேயர் பலர் எழுதியும் பேசியும் வந்த காலம் அது. அவ்விழிசொல்லைத் துடைக்க எண்ணி நவகோபால் மித்திரர் போன்றார் தேகப்பயிற்சிச் சாலைகளையும் சர்க்கஸையும் ஏற்படுத்தினர். சட்டர்ஜி அப்பள்ளியில் வளர்ந்தவர்.

1889-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பெர்சிவல் ஸ்பென்சர் என்னும் ஆங்கிலேயர் பலூனும் பாராசூட்டும் கொண்டு இந்தியாவுக்கு வந்தார். பம்பாயில் ஏறி இறங்கியபின் மார்ச்சு மாதம் கல்கத்தா சேர்ந்தார். குறித்த நாளில் பலூனில் வாயு போதிய அளவு நிரம்பவில்லை. திரண்டிருந்த ஜனங்களை ஏமாற்ற மனமின்றி, அவர் பாரத்தைக் குறைக்கப் பாராசூட்டையே கழற்றி எறிந்துவிட்டுக் கயிற்றுத் தொங்கலில் அமர்ந்து கிளம்பினார். பலூன் கீழ்த்திசையாகச் சென்று இருளில் மறைந்தது. மூன்று நாள் வரையில் செய்தியில்லை. இறந்தாரென்றே நகரம் முடிவு செய்தது. பின்னர்ச் சுந்தரவனச் சதுப்பு நிலத்தினின்று அவர் உயிருடன் திரும்பினார்.

இதனைக் கேட்டறிந்த எவரும் அவ்வித்தையை நினைக்கவும் நடுங்குவர் அல்லவா? சட்டர்ஜியோ அவரிடமே மாணாக்கராகச் சேர்ந்தார்! கற்பிக்கும் கூலி 500 ரூபாய். அக்காலத்தில் அது சிறு தொகையன்று. செல்வர் ஒருவர் உதவினார். ஏப்ரலில் ஆசிரியருடன் ஒருமுறை ஏறினார். மே மாதம் 4-ஆம் நாள் நார்க்கேல்டாங்காவிலுள்ள ஓரியண்டல் வாயுக் கம்பெனியின் முற்றத்திலிருந்து 'வைசிராய்' என்ற பலூனில் தனியராய்க் கிளம்பினார். நாற்பது நிமிஷத்தில் நகருக்கு வடக்கே சோதேபூரை அடுத்த நாடாகர் என்னும் சிற்றூரில் இறங்கினார். ராஜபாளையத்தினின்று ஸ்ரீவில்லிபுத்தூர் வருவதற்கு மாட்டுவண்டிக்கு வேண்டும் பொழுதில் இது பாதியும் இராது.

பலூனுக்குச் சுக்கான் இல்லை என்பதை நேயர்கள் மனத்திற் கொள்ளவேண்டும். மணல் மூட்டையைக் கொட்டினால் ஏறலாம். வாயுவை வெளிவிடும் கயிற்றை இழுத்தால் இறங்கலாம். இவையன்றி மனிதன் வசத்தில் ஒன்றுமில்லை; திசையெல்லாம் காற்றின் சித்தம். ஆயினும் அதனிடத்தேதான் அப்பயணத்தின் இன்பமும் இருக்கிறது. காற்றோடு ஒன்றாய்ச் செல்வதால் முகத்திற் காற்று வீசுவதேயில்லை. அசைவு தோன்றாது, பூமியே கீழே நழுவிச் செல்வதுபோலத் தோன்றும். சந்தடி அடங்கிய அவ்வுயரத்திலும் ஊர் நாய் குரைப்பது தெளிவாய்க் கேட்கும் என்பர். ராஜபாளையத்து நாயாயின் நட்சத்திர மண்டலம் வரையில் கேட்கும் போலும்!

சட்டர்ஜி அந்த வைசிராயை விலைக்கு வாங்கி, 'கல்கத்தா நகரம்' எனப் பெயர் மாற்றினார். அரசப்பிரதிநிதியின் பட்டத்தை அழித்துத் தம் ஊர்ப்பெயரை வானிலேற்றிய அச்செயல், பறந்ததினும் நமக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. அவ்வாண்டு ஜூன் மாதமே அலகாபாத்தில் ஏறினார். 1890 மார்ச்சு 22-ஆம் நாள் கல்கத்தாவின் டிவோலித் தோட்டத்தினின்று எழுந்து பாராசூட்டிற் குதித்தார். பொதுமக்கள் முன்னிலையில் அவ்வாறு இறங்கிய முதல் இந்தியர் அவரே. அப்பால் வடநாட்டு நகரங்கள் பலவற்றில் வித்தை காட்டினார்.

1892-ஆம் ஆண்டு இக்கலைக்குப் பொல்லாத ஆண்டாயிற்று. மார்ச்சு மாதம் டாக்காவில் நவாபின் அழைப்பிற்கிணங்கி ஜெனட் வான் டாசல் என்னும் இளம்பெண் அனற்புகைக் கூண்டிலேறிக் குதித்தாள். பாராசூட் ஒரு மரத்திற் சிக்கியது. கீழிருந்தோர் மூங்கில்களைப் பிணைத்து நீட்டினர். அதனைப் பற்றி இறங்குகையில் வீழ்ந்து, இரண்டொரு நாளில் உயிர் நீத்தாள். வானம் விட்டவளை மரம் விடவில்லை.

சட்டர்ஜியின் முறையும் தொலைவில் இல்லை. சுதேச சமஸ்தானம் ஒன்றில் ஏறியபோது பலூன் மலைப்பாங்கான இடத்தில் மோதி வீழ்ந்தது. சமவெளியில் நேராகச் செல்லும் காற்று மலையருகே சுழன்றடிக்கும். அங்கே இறங்குவோன் இடம் தெரிந்து இறங்க முடியாது. படுகாயமுற்ற அவரைக் கல்கத்தாவுக்குக் கொணர்ந்தனர். ஆகஸ்டு மாதம் 9-ஆம் நாள் அவர் காலமானார். நார்க்கேல்டாங்கா முற்றத்தினின்று தனியே கிளம்பிய நாள்முதல் எண்ணினால் அவர் வானத்தில் வாழ்ந்தது மூன்றேகால் ஆண்டு.