மட்டையேந்திய மன்னர்

முதல் முயற்சியில் தாழ்ந்தவர்க்கு மீண்டும் முயல இடந்தரும் ஆட்டங்களுள் ஒன்று கிரிக்கெட்டு. அவ்வாட்டத்தில் இரண்டாம் முறையின் அருமையை உலகறியச் செய்தவர் இரஞ்சித்சிங் ஆவர்.

இவர் கத்தியவார்ப் பகுதியிலுள்ள சரோதர் என்னும் சிற்றூரில் 1872ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 10ஆம் நாள் பிறந்தார். இராசகோட்டிலுள்ள இராசகுமாரர் கல்லூரியில் பயின்றபின், 1888இல் இங்கிலாந்து சென்று கேம்பிரிட்சில் கல்வி கற்றார். தொடக்கத்தில் விரைந்து வரும் பந்தைக் கண்டால் இவர் கால் தானே விலகும். அக்குறையைப் போக்க, வலக்காலைத் தரையோடு பிணித்துக்கொண்டு பயின்றார் என்பர். நின்ற நிலையிலேயே மணிக்கட்டை மெல்லத் திருப்பிப் பந்தைக் காலருகே பின்னோக்கிச் செலுத்தும் அடி, இவர்தம் தனிச்சிறப்பாயிற்று. 1895இல் சசெக்சு அணிக்கென முதன்முதல் ஆடியபொழுது, முதன் முறையில் ஆட்டமிழக்காது 77 ஓட்டங்களும், மறு முறையில் 150 ஓட்டங்களும் எடுத்தார்.

இவர் புகழை அறிய, ஆட்டத்தின் முறைகளை அறிதல் வேண்டும். அணிக்குப் பதினொருவர், மட்டையேந்தி நிற்பவர் ஒரு நேரத்தில் இருவர். ஒருவர் ஆட்டமிழந்தால் அடுத்தவர் வருவார். பதின்மர் ஆட்டமிழந்தால், எஞ்சிய ஒருவர் எத்துணை வல்லவராயினும் துணையின்மையால் தனித்து ஆடல் இயலாது. அணியின் முறை அவ்வளவில் முடிந்துவிடும். பெரிய போட்டிகளில் ஒவ்வோர் அணிக்கும் இரு முறை உண்டு. அணிகள் மாறி மாறி ஆடுதல் வழக்கம். ஆயினும், முதன் முறையில் மிகப் பின்தங்கிய அணி, இடைவிடாது உடனே தன் இரண்டாம் முறையையும் ஆட நேர்வதுண்டு. 1896இல் வழங்கிய விதிப்படி, 120 ஓட்டங்கள் பின்தங்கிய அணி அவ்வாறே ஆடியாக வேண்டும்.

அவ்வாண்டில் ஆத்திரேலிய அணி இங்கிலாந்துக்கு வந்தது. இந்தியாவிற் பிறந்தவர் இங்கிலாந்துக்கென ஆடல் தகுமோ என்னும் வாதம் எழுந்தது. இலண்டனில் நிகழ்ந்த முதல் டெஸ்டில் இரஞ்சித்சிங்குக்கு இடம் கிட்டவில்லை. மான்செசுடரில் சூலைத் திங்களில் நிகழ்ந்த இரண்டாம் டெஸ்டிலேயே இடம் கிட்டியது. ஆத்திரேலியர் 412 ஓட்டங்கள் குவித்தனர். இங்கிலாந்து 231 ஓட்டங்களுக்குள் அடங்கிற்று. அவற்றுள் 62 இரஞ்சித்சிங் எடுத்தவை. 181 ஓட்டங்கள் பின்தங்கிய இங்கிலாந்து, விதிப்படி உடனே மீண்டும் மட்டையேந்தியது.

இரண்டாம் நாள் மாலைக்குள் நால்வர் வீழ்ந்தனர். மூன்றாம் நாட் காலையில், 41 ஓட்டங்களோடு இரஞ்சித்சிங் களம் புகுந்தார். எதிர்ப்புறத்தே துணைவர் ஒருவர்பின் ஒருவராக வீழ்ந்தனர். இவரோ கலங்கினாரல்லர், நண்பகல் உணவு வேளைக்குள் மேலும் 113 ஓட்டங்கள் சேர்த்தார். பதின்மரும் வீழ்ந்தபொழுது இவர் கணக்கில் 154 ஓட்டங்கள் இருந்தன. இவர் ஆட்டமிழக்கவில்லை, துணைவர் தீர்ந்தமையால் முறை தீர்ந்தது. இங்கிலாந்தின் மொத்தம் 305.

வெற்றிக்கு 125 ஓட்டங்களே வேண்டிய ஆத்திரேலியர், எழுவரை இழந்தே அதனை எய்தினர். இங்கிலாந்து தோற்றதாயினும், எளிதில் முடிந்திருக்க வேண்டிய ஆட்டத்தை இறுதிவரை ஐயத்தில் நிறுத்திய பெருமை இரஞ்சித்சிங்குக்கும், அயராது பந்தெறிந்த இரிச்சர்டுசனுக்கும் உரியது. பின்னர் எவரும் இவர் தகுதியைக் குறித்து ஐயுறக் காரணம் இல்லாதொழிந்தது. அடுத்த திங்களிலேயே யார்க்குசயர் அணிக்கெதிராக, இரு முறைகளிலும் நூறு கடந்து, ஒரே நாளில் இரு சதங்கள் கண்டார்.

1907இல் நவநகர் அரசுரிமை பெற்று, 1933ஆம் ஆண்டு ஏப்பிரல் 2ஆம் நாள் மறையும்வரை ஆண்டார். இவர் பெயரால் அமைந்த இரஞ்சிக் கோப்பையின் முதற் போட்டி, 1934ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் சென்னைச் சேப்பாக்கத்தில் தொடங்கிற்று. மைசூர் அணி இரு முறையும் ஆடி 48, 59 ஓட்டங்களே எடுத்தது. ஒரே முறையில் 130 எடுத்த சென்னை அணி, மறு முறை ஆட வேண்டாமலே அன்றே வென்றது.

வெற்றி பதினொருவர் கையில் உள்ளது. தன் முறையைச் செவ்வனே ஆற்றுதல் ஒருவன் தன் கையில் உள்ளது. துணைவர் வீழினும் தளராது நின்ற இரஞ்சித்சிங்கின் வாழ்வு உணர்த்தும் பாடம் இதுவே.