மஞ்சள் படிவில் வெளிப்பட்ட புதிய சேர்மம்: ஆச்சார்ய பிரபுல்ல சந்திர ரேயின் வாழ்க்கை

குடுவையின் அடியில் தங்கிய மஞ்சள் படிகங்களைக் கழிவென ஒதுக்காமல் ஆராய்ந்து, இந்திய வேதியியலுக்கு உலக அரங்கில் இடம் பெற்றுத் தந்தவர் ஆச்சார்ய பிரபுல்ல சந்திர ரே.

இன்று வங்கதேசத்தில் உள்ள குல்னா பகுதியின் ராருலி கிராமத்தில் 1861 ஆகஸ்ட் 2-ஆம் தேதி அவர் பிறந்தார். கில்கிறைஸ்ட் உதவித்தொகை பெற்று 1882-இல் எடின்பரோ சென்று, 1887-இல் அறிவியல் முனைவர் பட்டம் பெற்றார். ஆயினும் உயர்நிலைக் கல்விப் பணி நடைமுறையில் ஆங்கிலேயருக்கே உரியதாக இருந்தது. 1889-இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் மாதம் 250 ரூபாய் ஊதியத்தில் உதவிப் பேராசிரியர் பணியே அவருக்குக் கிட்டியது.

அக்கல்லூரியின் ஆய்வகத்தில் மெர்குரஸ் நைட்ரேட்டை மிகுதியாகத் தயாரிக்கும் பொருட்டு, பாதரசத்தின் மீது நீர்த்த நைட்ரிக் அமிலத்தைச் சூடேற்றாமல் வினைபுரியச் செய்தார். அப்போது மஞ்சள் நிறப் படிகங்கள் தோன்றின. அவற்றைக் கார உப்பு என்றே முதலில் கருதினார். ஆனால், அமிலம் மிகுந்த கரைசலில் கார உப்பு படிவது வழக்கத்துக்கு மாறானது. அந்த முரண்பாடே அவரைச் சிந்திக்க வைத்தது.

நிறம் மாறுவதும் படிவு இறங்குவதும் வேதிவினையின் அறிகுறிகள். எனினும் விளைந்த பொருள் இன்னதென்பதைச் சோதனையே உறுதிசெய்யும். ரே அப்படிகங்களைப் பிரித்தெடுத்துச் சோதித்தார். அவை மெர்குரஸ் உப்பாகவும் அதே வேளையில் நைட்ரைட்டாகவும் இருந்தன. மெர்குரஸ் நைட்ரைட் எனும் அச்சேர்மம் குறித்த கட்டுரை 1896-இல் வங்க ஆசியக் கழகத்தின் இதழில் வெளியானது. அதன்பின் நைட்ரைட்டுகளே அவரது நெடுங்கால ஆய்வுக் களமாயின.

ஆய்வகத்தோடு அவர் நின்றுவிடவில்லை. 1892-இல் 700 ரூபாய் முதலீட்டில் தம் வாடகை இல்லத்திலேயே தொடங்கிய மருந்துத் தயாரிப்பு, 1901-இல் பெங்கால் கெமிக்கல் நிறுவனமாக வளர்ந்தது. பண்டைய இந்திய வேதியியல் வரலாற்றை 1902-இலும் 1909-இலும் இரு தொகுதிகளாக வெளியிட்டார். மேகநாத சாகா, சத்யேந்திர நாத் போஸ் ஆகியோர் அவரிடம் பயின்றவர்கள்.

1916-இல் கல்கத்தா பல்கலைக்கழக அறிவியல் கல்லூரியில் சேர்ந்த ரே, திருமணம் செய்துகொள்ளாமல் அக்கல்லூரி அறை ஒன்றிலேயே எளிமையாக வாழ்ந்தார். 1921-இல் அறுபது வயது நிறைந்தபின், தம் ஊதியத்தைப் பல்கலைக்கழகத்துக்கே வழங்கினார். 1922-இல் வடவங்கத்தைப் பெருவெள்ளம் சூழ்ந்தபோது நிவாரணப் பணியை முன்னின்று நடத்தினார். 1924-இல் உருவான இந்திய வேதியியல் கழகத்தின் முதல் தலைவரும் அவரே.

1944 ஜூன் 16-ஆம் தேதி அவர் காலமானார். உயர்பணி மறுக்கப்பட்ட அந்த ஆசிரியரின் பணியைப் போற்றும் வகையில், பிரிட்டனின் ராயல் வேதியியல் கழகம் ஐரோப்பாவுக்கு வெளியே வழங்கிய தனது முதல் வேதியியல் நினைவுச் சின்னத்தை 2011-இல் அவருக்கு அளித்தது.