நாற்பதாவது வயதில் லிங்கன்

பொது வாழ்வில் பல்லாண்டு உழைத்தவன், நாற்பது வயதளவில், மேலே செல்ல வழியின்றித் திகைத்து நிற்பதுண்டு. தனக்குப் பின் வந்தோர் முந்திச் செல்வதைக் கண்டு, பட்ட பாடெல்லாம் வீணோ என்று மனம் சோர்வான். அத்தகைய அன்பர்கள் ஆபிரகாம் லிங்கனின் சரித்திரத்தில் ஓர் ஐந்து வருஷங்களை ஊன்றிக் கவனிக்க வேண்டுமென்பது நமது அபிப்பிராயம்.

1809-ம் வருஷம் கெண்டக்கி மாகாணத்தில் ஏழைக் குடியானவர் குடும்பத்தில் பிறந்த லிங்கன், தாமே சட்டம் பயின்று வக்கீலானவர். 1846-ல் இல்லினாய் மாகாணத்திலிருந்து பிரதிநிதி சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மெக்ஸிகோ யுத்தத்தின் நியாயத்தைச் சபையில் துணிந்து கேட்டார். தொகுதியில் பலர் முகஞ்சுளித்தனர். 1848-ல் தம் கட்சியின் டெயிலர் ஜனாதிபதியாவதற்காக ஊர் ஊராகச் சென்று பிரசாரம் செய்தார். ஆயினும் 1849-ல், ஒரே தவணையோடு, அவரது அங்கத்தினர் பதவி முடிந்தது. சர்க்கார் நில இலாகாவின் தலைமை உத்தியோகத்தை நாடினார். அது வேறொருவருக்குப் போயிற்று. ஆறுதலாக, தொலைதூரத்து ஆரிகன் பிரதேசத்தின் கவர்னர் பதவியைத் தருவதாகச் சொன்னார்கள். அதை மறுத்துவிட்டு ஸ்பிரிங்பீல்டுக்குத் திரும்பினார்.

அப்போது அவருக்கு வயது நாற்பது. அரசியல் வாழ்வு முடிந்ததென்றே கருதத் தகுந்த நிலை. லிங்கன் யாரையும் நொந்துகொண்டு காலம் கழிக்கவில்லை. கோர்ட்டுகள் கூடும் ஊர்களுக்கெல்லாம் பிரயாணம் செய்து, எளிய குடியானவர்களின் வழக்குகளை நடத்தினார். ஒன்றை ஐயமற நிரூபிப்பது எங்ஙனம் என்றறிய, யூக்ளிட்டின் க்ஷேத்திர கணிதத்தில் ஆறு புத்தகங்களை முயன்று கற்றார். பதவி மறுத்ததைப் பயிற்சி அளித்தது.

1854-ல் காலம் அழைத்தது. 1820-ம் வருஷத்து உடன்பாட்டால் அடிமை முறை விலக்கப்பட்டிருந்த கான்சாஸ், நெப்ராஸ்கா பிரதேசங்களில் அதனை மீண்டும் புகவிடும் சட்டத்தை, அவரது மாகாணத்தவரான டக்ளஸ் நிறைவேற்றினார். லிங்கன் கொதித்தெழுந்தார். அக்டோபரில் பியோரியா நகரில் அவர் நிகழ்த்திய நீண்ட பிரசங்கத்தில், ஐந்து வருஷத்துச் சிந்தனை முழுதும் ஆயுதமாயிற்று. முன்னர் உத்தியோகத்தைத் தேடியவர், இப்பொழுது ஒரு தர்மத்தைக் கண்டுகொண்டார்.

அதற்குச் சோதனையும் உடனே வந்தது. 1855-ல் செனெட் ஸ்தானத்துக்கு மாகாண சட்டசபை வாக்களித்தபோது, முதற் சுற்றில் முன்னணியில் நின்றவர் லிங்கனே. பின்னர், எதிர்த்தரப்பு வென்றுவிடும் அபாயம் நேர்ந்ததும், தம் ஆதரவாளர்களை டிரம்புல் என்பவருக்கு வாக்களிக்கச் செய்து, தாம் விலகிக்கொண்டார். 1858-ல் டக்ளஸிடம் மீண்டும் தோற்றார். 1860-ல் ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார், 1863-ல் அடிமைகளின் விடுதலையைப் பிரகடனம் செய்தார்.

அவர் கேட்ட உத்தியோகம் 1849-ல் கிடைத்திருந்தால் என்னவாகியிருக்குமென்று நாம் ஆரூடம் கூற வேண்டியதில்லை. நாம் கொள்ளத்தக்கது ஒன்றே: வழி அடைபட்ட காலத்தில், எந்தப் பதவி கிட்டும் என்று கேட்பவனுக்குத் திசை புலப்படாது; எந்தப் பணிக்காக இன்று நம்மைத் தகுதியாக்கிக்கொள்கிறோம் என்று கேட்பவனுக்கே அது புலப்படும்.