காசுகளைத் தரம் பிரித்த தர்ஸ்டன் துரை

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் தைத்து முடித்த உருப்படி மேஜைக்கு வந்ததும், ஒவ்வொன்றாக விரித்துப் பார்ப்பார்கள். ஓட்டையோ, எண்ணெய்க் கறையோ கண்ணில் பட்டால் அது ‘செகண்ட்ஸ்’, காதர்பேட்டைக்குப் போய்விடும். பழங்காசுகளுக்கும் இப்படி ஒரு சோதனை உண்டு. தென்னாட்டு மண்ணில் கிடைத்த ரோமாபுரிக் காசுகளை அவ்விதம் சோதித்துப் பட்டியலிட்டவர்களில் முக்கியமானவர் எட்கார் தர்ஸ்டன்.

1855-ல் லண்டனை அடுத்த கியூவில் பிறந்த தர்ஸ்டன், வைத்தியம் படித்தவர். 1885-ல் சென்னை மியூசியத்தின் தலைவராக வந்து 1908 வரை அப்பதவியில் இருந்தார். சென்னை ஜனங்கள் ‘செத்த காலேஜ்’ என்று செல்லமாக அழைத்தார்களே, அந்த மியூசியம்தான்!

அக்காலத்தில் உழுகிற கொழுவில் காசுப் பானை தட்டுப்பட்டால், காசு பெரும்பாலும் தட்டானின் உலைக்குத்தான் போகும். 1878-ம் வருஷத்துப் புதையல் சட்டம், பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலைக் கலெக்டருக்குத் தெரிவிக்கவேண்டும் என்று விதித்தது. அதனால் தப்பிப் பிழைத்த காசுகள் மியூசியத்துக்கு வந்து சேர்ந்தன. 1891-ல் கோவைக்கு அருகே வெள்ளலூரில் வெள்ளிக் காசுகள் கிடைத்ததும் அவர் காலத்தில்தான். ரோமானிய, போர்ச்சுகீசிய, இலங்கைக் காசுகளுக்கு அவர் தயாரித்த பட்டியலின் இரண்டாம் பதிப்பு 1894-ல் வெளியாயிற்று.

காசின் தரத்தைக் காண்பது எப்படி? மேடான இடமே முதலில் தேயும். அரசன் காதுக்கு மேலுள்ள மயிர்ச் சுருள், மாலையின் இலை, திபேரியஸ் காசின் பின்புறம் அமர்ந்திருக்கும் மங்கையின் முழங்கால் மடிப்பு இவை தெளிவாக இருந்தால் உயர்ந்த தரம். எழுத்து மழுங்கினால் ஒரு படி இறக்கம். புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிய காசோ, பார்க்க அழகு, தரத்தில் பூஜ்யம்.

1898-ல் புதுக்கோட்டைச் சீமையில் 501 ரோமானியப் பொற்காசுகள் அகப்பட்டன. அவற்றில் பெரும்பாலானவற்றில் சக்கரவர்த்தியின் முகத்துக்குக் குறுக்கே உளி வெட்டு! செல்லாக் காசாக்கவே வெட்டினார்கள் என்பது ஒரு கருத்து. சேகரிப்பவர் கணக்கில் இவை ‘செகண்ட்ஸ்’. சரித்திரக்காரருக்கோ அந்த வெட்டுத்தான் விலை மதிப்பற்றது.

காசோடு தர்ஸ்டன் நின்றாரா? மனிதர்களின் மண்டையையும் மூக்கையும் கருவி வைத்து அளந்தார். அதைக் கொண்டு ஜனங்களை வகை பிரிக்கலாம் என்று நம்பினார். கே. ரங்காச்சாரியின் துணையோடு தென்னிந்திய ஜாதிகள் பற்றி ஏழு பாகங்களில் அவர் எழுதிய பெருநூல் 1909-ல் வந்தது. தகவல் களஞ்சியம் என்று இன்றும் புரட்டுகிறார்கள். மூக்களவைக் கொண்டு இனம் பிரித்த சாஸ்திரத்தை அறிஞர்கள் தள்ளிவிட்டார்கள். விந்தை என்னவென்றால், காசுகளுக்கு 1 முதல் 70 வரை மதிப்பெண் போடும் முறையை 1949-ல் வகுத்த அமெரிக்கர் ஷெல்டனும், மனித உடல்களை அளந்து வகை பிரித்தவரே! காசு வாய் பேசாது. எந்தத் தரத்தில் வைத்தாலும் கிடக்கும்.

தர்ஸ்டன் 1935-ல் இங்கிலாந்தின் பென்சான்ஸில் காலமானார். இன்றைய திருப்பூர் மாவட்டத்தின் இரண்டு பெரிய புதையல்களும் அவர் மேஜைக்கு வரவில்லை. கத்தாங்கண்ணியில் 233 வெள்ளிக் காசுகள் கிடைத்தது 1913-ல். அப்போது அவர் ஓய்வு பெற்று ஐந்து வருஷமாகியிருந்தது. உடுமலைப்பேட்டைப் பக்கம் பூதிநத்தத்தில் 1,398 காசுகள் வெளிப்பட்டது 1946-ல்.