தடையை மீறியவரைத் தண்டிக்காத நிர்வாகி

அமெரிக்க விவசாயக் குடும்பத்தில் 1887-ல் பிறந்தவர் வில்லியம் மெக்நைட். 1907-ல் ஓர் உப்புத்தாள் கம்பெனியில் உதவிக் கணக்கராகச் சேர்ந்து, அதன் நிர்வாகியாக உயர்ந்தார். அதுதான் 'திரீ எம்' கம்பெனி.

அங்கே டிக் ட்ரூ என்ற வாலிபர் வேலை பார்த்தார். காருக்கு இரண்டு நிறத்தில் வர்ணம் அடிக்கும்போது ஒன்றோடு ஒன்று கலக்காமல் தடுக்க, ஒட்டும் காகித நாடா செய்ய முயன்றார். அதை விட்டுவிட்டு உப்புத்தாள் வேலையைப் பார்க்கும்படி மெக்நைட் சொன்னார். ட்ரூ கேட்கவில்லை. மெக்நைட் அதைக் கண்ணால் பார்த்தார்; வாய் திறக்கவில்லை! 1925-ல் நாடா வெற்றி பெற்றது.

பிறகு ட்ரூ காகித இயந்திரம் ஒன்று கேட்டார். பணமில்லை என்று மறுத்தார் மெக்நைட். 100 டாலர் வரை செலவிட ட்ரூவுக்கு அதிகாரம் உண்டு. 99 டாலர், 99 டாலராகச் சீட்டு எழுதியே இயந்திரத்தை வாங்கிவிட்டார்! வேறு இடமானால் வேலை போயிருக்கும். ட்ரூவுக்குப் போகவில்லை. கிழிந்த புத்தகத்தை ஒட்டுகிறோமே, அந்தக் கண்ணாடி நாடாவை 1930-ல் கொடுத்தவர் அவரே.

தவறு செய்தவரை அதட்டிக்கொண்டே இருந்தால் முயற்சி செத்துவிடும் என்று மெக்நைட் 1948-ல் கம்பெனிக்கு வழிகாட்டினார். 1978-ல் காலமானார்.