காயமும் கணக்கும்
மெக்சிகோவைப் பலமுறை ஆண்ட படைத்தலைவர் சாந்தா அன்னாவின் வாழ்க்கையில், அவர் இழந்த காலின் கதையையே நான் முக்கியமாகக் கருதுகிறேன். 1836-இல் சான் ஹசின்டோவில் தோற்று, டெக்சாஸைப் பறிகொடுத்துச் செல்வாக்கிழந்தார். 1838-இல் வெராகுரூஸ் துறைமுகத்தில் பிரெஞ்சுப் பீரங்கி அவரது இடது காலைச் சிதைத்தது; அந்தக் காயமே அவரை மீண்டும் நாயகனாக்கியது. 1842-இல், அதிபராக இருந்தபோது, அந்தக் காலைத் தலைநகரில் ராணுவ மரியாதையுடன் அடக்கம் செய்வித்தார். 1844-இல் அவரது ஆட்சிக்கு எதிராகக் கிளர்ந்த கூட்டம் அதைத் தோண்டியெடுத்துத் தெருக்களில் இழுத்துச் சென்றது.

காயம் பொய்யன்று. அதை ஆட்சிக்கான தகுதியாக்கியது பிழை. ஆட்சியின் மீதுள்ள சினத்தைக் காயத்தின் மீது காட்டியதும் பிழையே. சிந்திய குருதிக்கு நன்றி செலுத்துவோம். செய்த ஆட்சிக்குக் கணக்குக் கேட்போம். ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.