வணிகரின் நியாயவாதி காந்தியடிகள்

காந்தியடிகளைத் தேசபிதாவாக அறியாதார் இலர். வர்த்தகரின் கணக்கேடுகளிடையே அமர்ந்திருந்த பாரிஸ்டர் காந்தியை அறிந்தவரோ சிலரே. சட்டத்துறை புக விழையும் நம் கல்லூரி மாணவர் அவ்விளைஞரையும் அறிதல் நன்று.

1891ஆம் ஆண்டு யூன் மாதம் இலண்டனிற் பாரிஸ்டராகிய அவர், பம்பாயில் ஏற்ற முதல் வழக்கிலே வினாவெழுப்ப நாவெழாது அமர்ந்துவிட்டார். பின்னர் இராஜ்கோட்டில் விண்ணப்பங்கள் வரைந்து காலங்கழித்தார். அந்நிலையிலேதான் தென்னாபிரிக்காவில் வாணிகம் நடாத்திய போர்பந்தர் மேமன் வர்த்தகரான தாதா அப்துல்லா கம்பனியாரின் அழைப்பு வந்தது. ஓராண்டுப் பணிக்கு வேதனம் 105 பவுண். 1893ஆம் ஆண்டு மே மாதம் அவர் டர்பன் துறைமுகத்தில் இறங்கினார். பிரிட்டோரியா நோக்கிச் செல்கையிற் புகைவண்டியினின்று இறக்கிவிடப்பட்ட கதையை யாவரும் அறிவர். அப்பயணம் ஒரு வணிக வழக்கின் பொருட்டே என்பதை நினைப்பாரில்லை.

வழக்கோ பெரிது. தாதா அப்துல்லா தம் உறவினரான தையப் சேட்டிடம் கோரிய தொகை 40,000 பவுண். கடன் உறுதிச்சீட்டுக்களும் கணக்குகளுமே வழக்கின் உயிர்நிலை. காந்திக்கோ கணக்குப்பதிவு தெரியாது. நூலொன்றை வாங்கிக் கற்றார். குசராத்தி ஏடுகளை மொழிபெயர்த்தார். ஈற்றில் இருதிறத்தாரிலும் மேலாக வழக்கின் உண்மைகளை அறிந்தவரானார். தம் கட்சி வலிதென்பதை அவர் உணர்ந்தார். எனினும் வழக்கு நீளின் நியாயவாதிகளின் கூலியே இருவர் பொருளையும் விழுங்கிவிடும் என்பதையும் கண்டார். ஓரூரார், உறவினர், பகையோ நாளுக்குநாள் வளர்ந்தது. ஆகவே தையப் சேட்டை நேரிற்கண்டு மன்றாடி, பிணக்கை மத்தியஸ்தரிடம் விடச் செய்தார்.

தீர்ப்புத் தாதா அப்துல்லாவுக்குச் சார்பாயிற்று. ஏறத்தாழ 37,000 பவுணும் செலவும் கொடுத்தல் வேண்டும். உடனே கேட்பின் தையப் சேட் வங்குரோத்தாவது திண்ணம். அம்மரபினருக்கு அது சாவினுங் கொடிது. வென்றவரை இணக்கி, நெடுங்காலத் தவணைகளிற் பணம் பெறச் செய்தார் காந்தி. மத்தியஸ்தத்துக்கு இசைவித்ததிலும் இதுவே அவருக்கு அரிதாயிருந்ததாம். வென்றபின் விட்டுக்கொடுக்க எவர்தாம் எளிதில் இசைவர்? இருவர் மதிப்பும் உயர்ந்தது. காந்தி எதனையும் இழந்தாரல்லர். 1894இல் அவர் நேட்டாலில் தங்க நேர்ந்தபோது, இருபது வரையிலான வணிகர் தத்தம் சட்டக் கருமங்களை அவரிடமே ஒப்புவித்தனர்.

அவர்களுள் ஒருவருக்கும் அவர் பொய்க்குத் துணைநின்றிலர். நெருங்கிய நண்பரான பார்சி ருஸ்தம்ஜி சுங்கவரி செலுத்தாது பொருள் இறக்கி அகப்பட்டபோது, முழுவதையும் ஒப்புக்கொள்ளுமாறு பணித்துத் தாமே அதிகாரிகளிடம் பேசினார். ஏய்த்ததாக ஒப்புக்கொண்ட தொகையின் இருமடங்கு இறுத்து அக்கருமம் தீர்ந்தது. ருஸ்தம்ஜி அந்நிகழ்ச்சியை எழுதிக் கண்ணாடிச் சட்டமிட்டுத் தம் காரியாலயச் சுவரில், வழித்தோன்றல்களும் சகவணிகரும் காணத் தொங்கவிட்டார்.

1922இல் அரசநிந்தைக் குற்றத்துக்காகச் சிறையிருந்த காந்தியின் பெயரை, அவர் பயின்ற இன்னர் டெம்பிள் சட்டச் சங்கம் பாரிஸ்டர் பட்டியலினின்று நீக்கியது. அது மீளச் சேர்க்கப்பட்டது 1988இல்; அப்போது அவர் மறைந்து நாற்பது ஆண்டுகளாகியிருந்தன.